மெனோரா

மெனோரா என்பது யூத சமயத்தின் மிகப் பழமையான சின்னமாகும். நடுவில் ஒரு தண்டும் அதன் இருபுறமும் மும்மூன்று கிளைகளுமாக, ஏழு அகல்கள் ஏற்றப்படும் விளக்குத்தண்டு இது. பாலைவனத்தில் இஸ்ரவேலர் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்திலும், பின்னர் எருசலேம் ஆலயத்திலும் இவ்வகை விளக்கு எரிந்தது. கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்து, அங்கிருந்த பொன் விளக்கை ரோம் நகருக்கு எடுத்துச் சென்றனர். சில நூற்றாண்டுகளுக்குப் பின் அதைப் பற்றிய செய்தியே இல்லாமல் போயிற்று.

விளக்கு மறைந்தபோதும் அதன் வடிவம் மறையவில்லை. கல்லறைகளிலும், தொழுகைக் கூடங்களின் தரைகளிலும், நாணயங்களிலும், கையெழுத்துச் சுவடிகளிலும் யூதர்கள் அதை வரைந்துகொண்டே இருந்தனர். வென்றவர்கள் தங்கள் வெற்றியைக் கொண்டாடக் கல்லில் செதுக்கிய மெனோராவின் உருவமே 1949இல் இஸ்ரேல் நாட்டின் அரசுச் சின்னமாயிற்று. ஒரு பொருளை இழந்த சமூகம் அதன் நினைவை எவ்வாறு காத்தது என்பதற்கு மெனோராவின் வரலாறு தெளிவான எடுத்துக்காட்டு.

பெயர்

எபிரேய மொழியில் 'நேர்' என்றால் விளக்கு. அதே வேரிலிருந்து வந்த 'மெனோரா' என்ற சொல்லுக்கு விளக்கைத் தாங்கும் தண்டு என்பது பொருள். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இது 'குத்துவிளக்கு' என்றும், திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பில் 'விளக்குத்தண்டு' என்றும் வழங்கப்படுகிறது. குத்துவிளக்கு என்ற சொல் தமிழருக்கு எளிதில் விளங்கும் என்றாலும், இரண்டும் அமைப்பில் வேறுபட்டவை. நம் குத்துவிளக்கில் ஒரே தட்டில் எண்ணெய் ஊற்றி ஐந்து முகங்களில் திரியிடுவர். மெனோராவில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தனித்தனி அகல் உண்டு. சில நூல்களில் மெனோராவை மெழுகுவர்த்தித் தாங்கி என்று எழுதுவதும் பொருந்தாது. ஆலயத்தில் எரிந்தது ஒலிவ எண்ணெய் விளக்கு.

விவிலியம் கூறும் அமைப்பு

மெனோராவைச் செய்யும் முறை யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில் சொல்லப்படுகிறது. சீனாய் மலையில் கடவுள் மோசேக்கு இதன் மாதிரியைக் காட்டினார் என்பது மரபு. பெசலெயேல் என்ற கைவினைஞர் இதைச் செய்ததாக அதே நூலின் 37ஆம் அதிகாரம் கூறுகிறது. அதன் முக்கிய விவரங்கள் பின்வருமாறு:

• ஒரு தாலந்து எடையுள்ள பசும்பொன்னால் செய்யப்பட வேண்டும். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 30 முதல் 35 கிலோகிராம் வரை இருக்கும்.
• தனித்தனிப் பகுதிகளாகச் செய்து ஒட்டக் கூடாது. அடிப்பாகம், தண்டு, கிளைகள், பூக்கள் யாவும் ஒரே பொற்கட்டியிலிருந்து அடிப்பு வேலையாக வடிக்கப்பட வேண்டும்.
• ஒவ்வொரு கிளையிலும் வாதுமைப் பூ வடிவில் மூன்று கிண்ணங்களும், நடுத்தண்டில் நான்கு கிண்ணங்களும் அமைய வேண்டும். ஆகக் கிண்ணங்கள் 22. அவற்றுடன் குமிழ்களும் மலர்களும் உண்டு.
• ஏழு அகல்களும், திரியைச் சரிசெய்யும் கருவிகளும், சாம்பல் எடுக்கும் தட்டுகளும் பொன்னாலேயே அமைய வேண்டும்.

மெனோராவின் உயரத்தையோ, அடிப்பாகத்தின் வடிவத்தையோ, கிளைகள் வளைந்தவையா நேரானவையா என்பதையோ விவிலியம் சொல்லவில்லை. இந்த இடைவெளிகளே பிற்காலத்தில் பல விவாதங்களுக்குக் காரணமாயின. உயரம் 18 கைப்பிடி அகலம் என்று தல்மூது கூறுகிறது. இது ஏறத்தாழ ஐந்தடி ஆகும்.

ஒரே பொற்கட்டியிலிருந்து இத்தனை கிளைகளையும் பூக்களையும் வடிப்பது எளிதன்று. மோசேக்கே இது விளங்கவில்லை என்றும், கடவுள் நெருப்பாலான ஒரு மெனோராவைக் காட்டி விளக்கினார் என்றும் தல்மூது சொல்கிறது. அப்போதும் இயலாமற்போகவே, பொன்னை நெருப்பில் இடும்படி கடவுள் கூற, விளக்கு தானாகவே உருவாகி வந்தது என்று மித்ராஷ் கதைகள் சொல்கின்றன.

ஆலயப் பணியில் மெனோரா

ஆசரிப்புக் கூடாரத்தில் மெனோரா தென்புறத்திலும், அதற்கு எதிரே வடபுறத்தில் அப்ப மேசையும் வைக்கப்பட்டிருந்தன. எருசலேம் ஆலயத்திலும் இதே முறை பின்பற்றப்பட்டது. பொதுமக்கள் இதனருகே செல்ல இயலாது. ஆரோன் வழிவந்த குருக்கள் மட்டுமே உள்ளே சென்று விளக்கைப் பேணினர். மாலைமுதல் காலைவரை விளக்கு எரிய வேண்டும் என்பது விதி.

எண்ணெய் பற்றியும் கண்டிப்பான விதிகள் இருந்தன. ஒலிவக் காயை இடித்து முதலில் வடியும் தெளிந்த எண்ணெயே விளக்குக்கு உரியது. அதன்பின் ஆட்டி எடுக்கும் எண்ணெய் காணிக்கைகளுக்குப் பயன்பட்டது. ஒவ்வோர் அகலுக்கும் அரை 'லோக்' அளவு எண்ணெய் ஊற்றப்பட்டது. குளிர்காலத்தின் நீண்ட இரவு முழுவதும் எரிவதற்கு இந்த அளவு போதும் என்று கணக்கிட்டு, ஆண்டு முழுவதற்கும் இதையே நிலையான அளவாக வைத்தனர்.

காலையில் குரு ஒருவர் அகல்களைத் துப்புரவு செய்து, கருகிய திரியை அகற்றிப் புதுத்திரி இடுவார். மெனோராவின் முன் மூன்று படிகள் கொண்ட ஒரு கல் இருந்ததாகவும், அதன்மேல் நின்றே குரு விளக்கைச் சரிசெய்தார் என்றும் மிஷ்னா குறிப்பிடுகிறது.

ஏழு அகல்களுள் 'மேற்கு விளக்கு' எனப்பட்ட ஒன்று தனிச்சிறப்புடையது. மற்றவற்றுக்கு ஊற்றிய அதே அளவு எண்ணெய்தான் இதற்கும். ஆயினும் மற்றவை அணைந்த பின்னும் இது எரிந்துகொண்டிருக்கும் என்றும், கடவுள் தம் மக்களிடையே தங்கியிருப்பதற்கு அதுவே சாட்சி என்றும் நம்பினர். நீதிமானாகிய சிமியோன் என்ற தலைமைக் குருவின் காலத்தில் இவ்விளக்கு ஒருநாளும் அணைந்ததில்லை என்றும், ஆலயம் அழிவதற்கு முந்தைய 40 ஆண்டுகள் அது நிலைத்து எரியவில்லை என்றும் தல்மூது கூறுகிறது.

ஒளியின் வடிவான கடவுளுக்கு மனிதர் ஏற்றும் விளக்கு எதற்கு என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. ரபிகள் இதற்கு ஆலயத்தின் சன்னல்களைக் காட்டி விடை கூறினர். வெளிச்சம் உள்ளே பரவ வேண்டுமானால் சன்னலை உட்புறம் அகலமாகவும் வெளிப்புறம் குறுகலாகவும் அமைப்பார்கள். சாலொமோனின் ஆலயத்திலோ உட்புறம் குறுகலாகவும் வெளிப்புறம் அகலமாகவும் அமைத்தார்கள் என்பது அவர்களின் விளக்கம். ஆலயத்திலிருந்து வெளிச்சம் உலகுக்குச் செல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து.

முதல் ஆலயம்

கி.மு. 10ஆம் நூற்றாண்டில் சாலொமோன் கட்டியதாகக் கூறப்படும் ஆலயத்தில் வலப்புறம் ஐந்தும் இடப்புறம் ஐந்துமாகப் பத்துப் பொன் விளக்குத்தண்டுகள் இருந்ததாக இராஜாக்களின் முதல் நூல் தெரிவிக்கிறது. கி.மு. 586இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை ஆலயத்தைக் கொளுத்திப் பொருள்களைக் கவர்ந்து சென்றது. அப்பொருள்களின் பட்டியலில் விளக்குத்தண்டுகளும் உள்ளன. பின்னர் பாரசீக மன்னன் கோரேசு, யூதர்கள் நாடு திரும்ப இசைவளித்து ஆலயப் பாத்திரங்களையும் திருப்பிக் கொடுத்தான். எஸ்றா நூலில் அவற்றின் எண்ணிக்கை தரப்பட்டுள்ளது. அந்தப் பட்டியலில் விளக்குத்தண்டு இடம்பெறவில்லை.

இரண்டாம் ஆலயம் எழுந்துகொண்டிருந்த நாள்களில் சகரியா என்ற இறைவாக்கினர் ஒரு காட்சி கண்டார். ஏழு அகல்கள் கொண்ட ஒரு பொன் விளக்குத்தண்டும், அதன் இருபுறமும் இரண்டு ஒலிவ மரங்களும் அவருக்குத் தோன்றின. ஆட்சித் தலைவர் செருபாபேல் ஆலயத்தைக் கட்டி முடிப்பார் என்றும், படைபலத்தை நம்பாமல் இறைவனின் ஆவியை நம்ப வேண்டும் என்றும் அக்காட்சிக்குப் பொருள் கூறப்பட்டது. அப்போது யூதர்களுக்குத் தனி அரசோ படையோ இல்லை. விளக்கும் ஒலிவ மரமும் இணைந்த இக்காட்சி பிற்கால யூதக் கலையில் ஆழமாக வேரூன்றியது.

மக்கபேயர் காலமும் இரும்பு மெனோராவும்

கி.மு. 169இல் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கசு எருசலேம் ஆலயத்தைக் கொள்ளையிட்டு, பொன் விளக்குத்தண்டையும் எடுத்துச் சென்றான். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் யூத வழிபாட்டையே தடைசெய்து, ஆலயத்தில் கிரேக்கத் தெய்வத்துக்குப் பலியிடச் செய்தான். மத்தத்தியா என்ற குருவும் அவருடைய மக்களும் எதிர்த்தெழுந்தனர். கி.மு. 164இல் யூதா மக்கபே ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்திப் புதிய விளக்குத்தண்டை வைத்தார்.

இப்புதிய மெனோராவைப் பற்றித் தல்மூது தரும் செய்தி குறிப்பிடத்தக்கது. பொன் வாங்க வசதி இல்லாததால், முதலில் இரும்புக் கம்பிகளின்மேல் ஈயம் பூசி மெனோராவைச் செய்தனர். சற்று வசதி வந்ததும் வெள்ளியில் செய்தனர். செல்வம் பெருகிய பின்னரே பொன்னில் செய்தனர். பொன் கிடைக்கும்வரை விளக்கேற்றாமல் காத்திருப்பதைவிடக் கிடைத்ததைக் கொண்டு ஏற்றுவதே முறை என்பது இதன்மூலம் நிலைபெற்றது.

மக்கபேயர் வழிவந்த ஹஸ்மோனிய அரச மரபின் கடைசி மன்னர் மத்தத்தியா அந்திகோனசு ஆவார். இவர் கி.மு. 40 முதல் 37 வரை ஆண்டார். ரோமானியரின் துணையோடு ஏரோது எருசலேமை நெருங்கிய காலத்தில், இவர் ஒருபுறம் மெனோராவும் மறுபுறம் அப்ப மேசையும் பொறித்த சிறிய வெண்கலக் காசுகளை வெளியிட்டார். ஆலயத்தின் தலைமைக் குருவும் தாமே என்பதை இதனால் மக்களுக்கு உணர்த்தினார். கி.மு. 37இல் எருசலேம் வீழ்ந்தது, அந்திகோனசு கொல்லப்பட்டார். மெனோராவின் உருவம் கொண்ட மிகப் பழைய சான்றுகளுள் இக்காசுகள் அடங்கும்.

ஆலயம் நிலைத்திருந்த காலத்தைச் சேர்ந்த வேறு சில உருவங்களும் கிடைத்துள்ளன. எருசலேம் பழைய நகரின் யூதர் பகுதியில் 1969இல் நாக்மன் அவிகாத் தொடங்கிய அகழாய்வில், சுவர்ப் பூச்சில் கீறப்பட்ட மெனோரா ஒன்று வெளிப்பட்டது. 2009இல் கலிலேயக் கடலோரம் மக்தலா என்னுமிடத்தில், பழைய தொழுகைக் கூடம் ஒன்றின் நடுவே, மெனோரா செதுக்கிய கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்த நாள்களில் வாழ்ந்தவர்களே இவற்றைப் படைத்தனர் என்பதால் இவை ஆய்வாளர்களுக்கு மிகவும் பயன்படுகின்றன.

ரோமில் நடந்த வெற்றி ஊர்வலம்

கி.பி. 66இல் யூதர்கள் ரோமப் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தனர். கி.பி. 70இல் பேரரசர் வெஸ்பாசியனின் மகன் டைட்டசு எருசலேமைக் கைப்பற்றினார், ஆலயம் எரிந்தது. மறு ஆண்டு ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தைப் பற்றி யூத வரலாற்றாசிரியர் யோசேபசு விரிவாக எழுதியுள்ளார். ஆலயத்தின் பொன் மேசையும் ஏழு கிளை விளக்கும் சுமந்து செல்லப்பட்டன. வெஸ்பாசியன் தாம் கட்டிய சமாதானக் கோயிலில் அப்பொருள்களைக் காட்சிக்கு வைத்தார். கி.பி. 75இல் அக்கோயில் திறக்கப்பட்டது.

டைட்டசு கி.பி. 81இல் இறந்தபின் அவருடைய தம்பி டொமிசியன் எழுப்பிய வெற்றி வளைவு இன்றும் ரோம் நகரில் நிற்கிறது. அதன் உட்சுவர் ஒன்றில், ரோமானியர் மெனோராவைத் தோளில் சுமந்து செல்லும் காட்சி புடைப்புச் சிற்பமாக உள்ளது. 2012இல் ஸ்டீவன் ஃபைன் தலைமையிலான யெஷிவா பல்கலைக்கழக ஆய்வுக் குழு, அச்சிற்பத்தின் மெனோராவில் மஞ்சள் காவி நிறத்தின் எச்சம் இருப்பதைக் கண்டறிந்தது. இன்று வெறுங்கல்லாகத் தெரியும் அவ்விளக்கு, ஒருகாலத்தில் பொன் நிறம் தீட்டப்பட்டு வழிப்போக்கர் கண்ணில் பட்டது என்பது இதனால் உறுதியாயிற்று.

ரோம் நகர யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வளைவின் கீழ் நடப்பதைத் தவிர்த்து வந்தனர். யூத நாடு ஒன்று அமைவதற்கு வழிசெய்த தீர்மானத்தை 1947 நவம்பர் 29இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய சில நாள்களுக்குப் பின், அவர்கள் அவ்வளைவின் அருகிலேயே திரண்டு அதைக் கொண்டாடினர்.

மெனோரா மறைதல்

கி.பி. 455இல் வாண்டல் மன்னன் கெய்செரிக் ரோமைக் கொள்ளையிட்டு, பெரும் செல்வத்தை வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசுக்குக் கொண்டு சென்றான். கி.பி. 533இல் பைசாந்தியத் தளபதி பெலிசாரியசு கார்த்தேசைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு கான்சுடான்டினோபிளில் நடந்த வெற்றி ஊர்வலத்தில், டைட்டசு எருசலேமிலிருந்து கொண்டுவந்த யூதர்களின் செல்வங்களும் இருந்தன என்று புரோக்கோப்பியசு எழுதியுள்ளார்.

அதைக் கண்ட ஒரு யூதர், பேரரசருக்கு நெருக்கமான ஒருவரிடம் ஓர் எச்சரிக்கை விடுத்தார். இப்பொருள்கள் தமக்குரிய இடமான எருசலேமைத் தவிர வேறெங்கும் இருத்தலாகாது. இவற்றை வைத்திருந்ததாலேயே ரோம் வாண்டல்களிடம் வீழ்ந்தது, வாண்டல்கள் இப்போது வீழ்ந்தனர் என்று அவர் கூறினாராம். அஞ்சிய பேரரசர் யுசுடினியன் அவற்றை எருசலேமிலுள்ள கிறித்தவக் கோயில்களுக்கு அனுப்பினார் என்பது புரோக்கோப்பியசு தரும் செய்தி. அவர் மெனோராவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கி.பி. 614இல் பாரசீகர் எருசலேமைச் சூறையாடினர். அதற்குப்பின் இச்செல்வங்களைப் பற்றிய நம்பத்தக்க செய்தி எதுவும் இல்லை. மெனோரா டைபர் ஆற்றின் அடியில் கிடக்கிறது, வத்திக்கானில் மறைத்து வைக்கப்பட்டுள்ளது என்பன போன்ற கதைகள் இன்றும் உலவுகின்றன. அவற்றுக்குச் சான்று கிடையாது.

தடையும் உருவமும்

ஆலயத்தில் இருந்தது போன்ற ஏழு கிளை விளக்கை வேறு எவரும் பயன்பாட்டுக்குச் செய்யக் கூடாது என்று தல்மூது விதித்தது. ஐந்து, ஆறு, எட்டுக் கிளைகள் கொண்டதாகச் செய்யலாம்; ஏழு கிளைகள் கொண்டதை வேறு உலோகத்திலும் செய்யலாகாது. ஆலயத்துக்குரியது ஆலயத்துக்கே உரியதாக இருக்க வேண்டும், அது மீண்டும் எழும்வரை அவ்விடம் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. இன்றும் சில தொழுகைக் கூடங்களில் ஆறு கிளை விளக்குகளைக் காணலாம். தொழுகைக் கூடங்களில் திருச்சட்டச் சுருள் பேழைக்கு முன் எப்போதும் எரியும் 'நேர் தாமித்' என்னும் தனி விளக்கும் ஆலய விளக்கின் நினைவாக உள்ளதே.

பயன்பாட்டுக்குச் செய்வதற்குத் தடை இருந்தாலும், வரைவதும் செதுக்குவதும் பரவலாக நடந்தன. ஆலயம் அழிந்தபின் மெனோராவின் உருவம் முன்னைவிடப் பன்மடங்கு பெருகியது. சில எடுத்துக்காட்டுகள்:

• கலிலேயாவின் பேத் ஷெஆரிம் கல்லறைக் குகைகளில் பல மெனோராக்கள் செதுக்கப்பட்டுள்ளன. மிஷ்னாவைத் தொகுத்த ரபி யூதா ஹனாசி இங்கு அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு.
• ரோம் நகரின் யூத நிலத்தடிக் கல்லறைகளில் இறந்தவரின் பெயருக்கு அருகே மெனோரா வரையப்பட்டுள்ளது. அது இறந்தவர் யூதர் என்பதற்கு அடையாளமாயிற்று.
• சிரியாவின் தூரா யூரோப்போசில் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தொழுகைக் கூடத்தின் சுவரோவியத்தில், திருச்சட்ட மாடத்தின் மேல் மெனோரா தீட்டப்பட்டுள்ளது.
• ஹம்மாத் திபேரியா, பேத் ஆல்பா ஆகிய இடங்களின் தொழுகைக் கூடத் தரைகளில், திருச்சட்டப் பேழையின் இருபுறமும் மெனோராக்கள் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டுள்ளன.

இன்று யூதர்களின் அடையாளமாக உலகறிந்த ஆறுமுனைத் தாவீது விண்மீன், அவர்களின் பொதுச் சின்னமாகப் பரவியது அண்மை நூற்றாண்டுகளில்தான். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அந்த இடத்தில் மெனோரா இருந்தது.

ஹனுக்கா விளக்கு

யூதர் வீடுகளில் ஹனுக்கா விழாவின்போது ஏற்றப்படும் விளக்கையும் பலர் மெனோரா என்றே அழைக்கின்றனர். இதற்கு ஏழு கிளைகள் அல்ல, ஒன்பது கிளைகள் உண்டு. தற்கால எபிரேயத்தில் இதன் பெயர் 'ஹனுக்கியா'.

மக்கபேயர் ஆலயத்தை மீட்டபோது, தலைமைக் குருவின் முத்திரையிட்ட எண்ணெய்க் குப்பி ஒன்றே கிடைத்தது என்றும், ஒருநாளுக்கே போதுமான அவ்வெண்ணெய் எட்டு நாள்கள் எரிந்தது என்றும் தல்மூது கூறுகிறது. அதன் நினைவாகக் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு இரவுகள் விளக்கேற்றுவர். முதல் நாள் எட்டு விளக்குகளை ஏற்றி நாளுக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்றனர் ஷம்மாய் வழியினர். ஒன்றில் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் கூட்ட வேண்டும் என்றனர் ஹில்லேல் வழியினர். புனிதமானவற்றில் ஏற்றம் இருக்க வேண்டும், இறக்கம் கூடாது என்ற அவர்களின் கருத்தே நிலைத்தது. இவ்விளக்குகளின் வெளிச்சத்தை வீட்டு வேலைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால் 'ஷமாஷ்', அதாவது பணியாளன், என்ற ஒன்பதாவது விளக்கு தனியே வைக்கப்படுகிறது. மற்றவற்றை ஏற்றவும் அதுவே பயன்படுகிறது.

வழிப்போக்கர் காணும்படி வாசலிலோ சன்னலிலோ ஹனுக்கா விளக்கை வைக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் மேசைமேல் வைத்தால் போதும் என்பது விதி. யூதர்கள் பல நாடுகளில் இந்த விதிவிலக்கை நாட வேண்டியிருந்தது. செருமனியில் நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்குச் சற்று முன்னர், கீல் நகர ரபி அகிபா போஸ்னரின் வீட்டுச் சன்னலில் ஹனுக்கா விளக்கு வைக்கப்பட்டிருந்தது. தெருவுக்கு அப்பால் எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கொடி தொங்கியது. அவருடைய மனைவி ராகேல் இரண்டும் தெரியும்படி எடுத்த ஒளிப்படம் இன்று உலகப் புகழ் பெற்றது. அக்குடும்பம் 1933இல் செருமனியை விட்டு வெளியேறிப் பின்னர் பாலத்தீனத்தில் குடியேறியது. 2022 டிசம்பரில் அதே விளக்கு செருமனிக்குக் கொண்டுவரப்பட்டு, குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் முன்னிலையில் பெர்லினில் ஏற்றப்பட்டது.

பொருள் விளக்கங்கள்

மெனோராவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு பொருள்கள் கூறப்பட்டன.

• படைப்பின் ஏழு நாள்கள்: ஆறு கிளைகள் வேலை நாள்களையும், நடுத்தண்டு ஓய்வு நாளையும் குறிக்கும்.
• ஏழு கோள்கள்: கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபைலோவும் யோசேபசும், ஏழு அகல்களும் அக்காலத்தில் அறியப்பட்ட ஏழு கோள்களைக் குறிப்பதாக எழுதினர். கதிரவன் நடுவிலிருப்பதாகக் கொள்ளப்பட்டது.
• அறிவு: திருச்சட்டத்தின் ஒளியையும் ஞானத்தையும் மெனோரா குறிக்கும்.
• மரம்: தண்டு, கிளை, பூ என எல்லாம் தாவரத்தின் பெயர்களாக இருப்பதால் வாழ்வின் மரத்தோடு இதை ஒப்பிடுவர். வாதுமை இஸ்ரேலில் குளிர்காலம் முடியுமுன்பே பூக்கும் மரம். எஃப்ராயிம் ஹரூவேனி, ஹன்னா ஹரூவேனி ஆகிய தாவரவியலாளர்கள், அங்கு வளரும் ஒருவகைச் சால்வியாச் செடியின் கிளையமைப்பு மெனோராவை ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினர்.
• வழிபாடு: தலைப்பு நீங்கலாக ஏழு வசனங்கள் கொண்ட 67ஆம் சங்கீதத்தை மெனோரா வடிவில் எழுதித் தொழுகைக் கூடங்களில் மாட்டும் வழக்கம் உண்டு.

வடிவம் பற்றிய விவாதங்கள்

12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிசு தம் கைப்பட வரைந்த படத்தில் கிளைகள் சாய்வான நேர்கோடுகளாக உள்ளன. அவை நேரானவையே என்று அவருடைய மகன் ஆபிரகாமும் எழுதியுள்ளார். ராஷி என்ற உரையாசிரியரும் கிளைகள் சாய்வாக மேலேறின என்றே குறிப்பிடுகிறார். ஹபாத் இயக்கத்தினர் பொது இடங்களில் நிறுத்தும் ஹனுக்கா விளக்குகள் நேரான கிளைகளோடு இருப்பதற்கு இதுவே காரணம். எனினும் அந்திகோனசின் காசுகள், டைட்டசு வளைவு உள்ளிட்ட பழைய உருவங்களில் பெரும்பாலும் வளைந்த கிளைகளே காணப்படுகின்றன.

அடிப்பாகம் பற்றிய விவாதம் இதைவிடக் கூர்மையானது. டைட்டசு வளைவிலுள்ள மெனோரா, இரண்டு அடுக்குகள் கொண்ட பலகோணப் பீடத்தின்மேல் நிற்கிறது. அப்பீடத்தில் கடல் விலங்குகள் போன்ற உருவங்கள் உள்ளன. உருவ வழிபாட்டை வெறுத்த யூதர்களின் ஆலயத்தில் இத்தகைய உருவங்கள் இருந்திருக்குமா என்ற ஐயம் எழுகிறது. தொழுகைக் கூடங்களின் பழைய மெனோராக்கள் பலவற்றில் மூன்று கால்களே உள்ளன. ராஷியும் மூன்று கால்களையே கூறுகிறார். பீடம் ஏரோது காலத்தில் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்றும், ரோமானியர் சுமப்பதற்காக அமைத்ததாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இஸ்ரேலின் அரசுச் சின்னம்

முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையில் இடம்பெற்ற யூதப் படையணியின் தொப்பிச் சின்னத்தில் மெனோரா இருந்தது. 1948இல் இஸ்ரேல் உருவானதும் அரசுச் சின்னத்துக்கான போட்டி அறிவிக்கப்பட்டது. கேப்ரியேல் ஷமீர், மாக்சிம் ஷமீர் என்ற சகோதரர்கள் முதலில் அளித்த வடிவில் எளிய கோடுகளால் அமைந்த மெனோராவும் ஏழு விண்மீன்களும் இருந்தன. பின்னர் டைட்டசு வளைவின் மெனோராவே தேர்வாயிற்று. அதன் இருபுறமும் ஒலிவக் கிளைகளும், கீழே எபிரேயத்தில் இஸ்ரேல் என்ற பெயரும் சேர்க்கப்பட்டன. 1949 பிப்ரவரி 10இல் இச்சின்னம் ஏற்கப்பட்டது. ஒலிவக் கிளைகள் சகரியாவின் காட்சியை நினைவூட்டுகின்றன.

தலைமை ரபி ஐசக் ஹெர்சோக் இத்தேர்வை எதிர்த்தார். வளைவிலுள்ள பீடம் ஆலய மெனோராவின் உண்மையான அடிப்பாகம் அன்று. அயலார் கைபட்ட உருவத்தை யூத அரசு தன் சின்னமாகக் கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. மூன்று கால்கள் கொண்ட பழைய வடிவையே அவர் விரும்பினார். சிறைப்பட்டுச் சென்ற அதே விளக்கு வீடு திரும்ப வேண்டும் என்பது மறுதரப்பினரின் உணர்வு. தோல்வியின் சான்றாக 1,800 ஆண்டுகளுக்கு மேல் நின்ற கல்லுருவமே மீட்சியின் சான்றாக மாற வேண்டும் என அவர்கள் கருதினர். இரு தரப்பும் ஒரே விளக்கையே போற்றின. ஒருவர் அதன் தூய்மையை முதன்மையாகக் கொண்டார். மற்றவர்கள் அது கடந்துவந்த பாதையை முதன்மையாகக் கொண்டனர்.

இஸ்ரேல் நாடாளுமன்றமான கெனெசெட்டின் எதிரே நான்கு மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள வெண்கல மெனோரா ஒன்று நிற்கிறது. நாஜிகளின் ஆட்சியில் செருமனியை விட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பென்னோ எல்கான் என்ற சிற்பி இதை வடித்தார். 1956இல் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் அன்பளிப்பாக இது வழங்கப்பட்டது. இதன் கிளைகளில் விவிலியக் காலம்முதல் தற்காலம்வரையான யூத வரலாற்று நிகழ்ச்சிகள் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. படைபலத்தை நம்பவேண்டாம் என்ற சகரியாவின் செய்தியும் இதில் பொறிக்கப்பட்டுள்ளது.